ஏழு பக்கக் கதையும் கடைசிக் கட்டமும்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. சில காமிக்ஸ் கதைகளின் முடிவை இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். உடைக்காமல் எழுத வழியில்லை, ஏனென்றால் நான் பேச வந்ததே அந்த முடிவுகளைப் பற்றித்தான். "ஐயோ சொல்லாதே" என்று காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். :-)

ஹாஸ்டலில் என் அறை நண்பனுக்கு ஒரு கொள்கை உண்டு. "ட்விஸ்ட் கதைன்னா ஒரு தடவைதான் மச்சி. முடிவு தெரிஞ்சா அது எரிஞ்ச தீக்குச்சி." உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொள்கை தப்பு என்பது என் கட்சி. முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற கதை, முடிவு தெரிவதற்கு முன்னாலும் பெரிதாக உயிரோடு இருந்ததில்லை. இதைப் பரீட்சித்துப் பார்க்க மிகச் சரியான இடம் நாவலோ சினிமாவோ அல்ல. நாலு பக்கத்திலிருந்து எட்டுப் பக்கத்துக்குள் ஆரம்பித்து முடிந்துவிடும், தொடர்ச்சி கிடையாத, அடுத்த மாதம் வருவதற்கு ஒரு ஹீரோகூட இல்லாத விஞ்ஞானக் காமிக்ஸ் கதைகள்தான். அவ்வளவு சின்ன இடத்தில் ஏமாற்ற முடியாது. அல்லது ஏமாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

இந்த வகைக்குத் தாய்வீடு அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ். வில்லியம் கெயின்ஸ் பதிப்பாளர், ஆல் ஃபெல்ட்ஸ்டைன் எடிட்டர். 1950-இல் 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேன்டஸி' என்று இரண்டு இதழ்கள் ஆரம்பித்தார்கள். விலை 10 சென்ட். கெயின்ஸ் ராத்திரி முழுக்கக் கதைகள் படித்துவிட்டு, காலையில் சின்னச் சின்ன யோசனைகளோடு வருவார். ஃபெல்ட்ஸ்டைன் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார், ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு கதை! வசனங்களும் விவரிப்பும் முதலில் பக்கத்தில் எழுதப்பட்டுவிடும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஓவியர் படம் போட வேண்டும். அதனால் இந்தக் கதைகளில் எழுத்து கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். படத்தில் தெரிவதையே மேலே உள்ள பெட்டியில் இன்னொரு முறை சொல்வார்கள். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

காமர்ஸ்காரன் என்பதால் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். இந்த விஞ்ஞான இதழ்கள் லாபம் தரவில்லை. 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' போன்ற பேய்க்கதை இதழ்களில் வந்த காசு, இந்த நஷ்டத்தைத் தாங்கியது. 1954-இல் இரண்டு இதழ்களையும் ஒன்றாக்கி விலையை 15 சென்ட் ஆக்கியும் பார்த்தார்கள். பிணங்கள் சம்பாதித்து ராக்கெட்டுகளுக்குச் சோறு போட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காஸ்ட் அக்கவுண்டன்டும் முதல் நாளே மூடச் சொல்லியிருப்பார்.

திருட்டும் நடந்தது. ரே பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளை ஒன்றாகக் கலந்து 1952-இல் ஒரு காமிக்ஸ் கதை போட்டார்கள், அவரிடம் கேட்காமலே. பிராட்பரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. 'உங்கள் அலுவலக வேலைப் பளுவில் எனக்கு அனுப்ப வேண்டிய 50 டாலர் செக் விட்டுப்போயிருக்கும் போலிருக்கிறது' என்கிற தோரணையில் ஒரு கடிதம் போட்டார். கெயின்ஸ் பணம் அனுப்பினார். அதற்கப்புறம் பிராட்பரியின் கதைகள் முறைப்படி, அவர் பெயரோடு, அதே இதழ்களில் வந்தன. வணிகக் கடிதங்கள் பாடத்தில் வசூல் கடிதத்துக்கு மாதிரி கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எனக்கு ஆகப் பிடித்த கதை 'ஜட்ஜ்மென்ட் டே'. 'வியர்ட் ஃபேன்டஸி' 18-ஆம் இதழ், 1953. எழுத்து ஃபெல்ட்ஸ்டைன், படம் ஜோ ஆர்லாண்டோ. மொத்தம் ஏழு பக்கம். சைப்ரீனியா என்கிற கிரகத்தில் முழுக்க ரோபாட்கள். அவற்றை அங்கே குடியேற்றிவிட்டுப் போனவர்கள் பூமிக்காரர்கள். பல காலம் கழித்து பூமியிலிருந்து டார்ல்டன் என்கிற அதிகாரி வருகிறார். பூமி தலைமை வகிக்கும் பெரிய விண்மீன் குடியரசில் சேர இந்தக் கிரகத்துக்குத் தகுதி வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு ஆரஞ்சு ரோபாட் அவரைச் சுற்றிக் காட்டுகிறது. தொழிற்சாலை பிரமாதம், நிர்வாகம் பிரமாதம். டார்ல்டன் மெதுவாகக் கேட்கிறார்: நீல ரோபாட்கள் எங்கே?

அவை ஊரின் இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டும். அவை செய்யப்படும் இடத்தையும் போய்ப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் பாகங்கள் இரண்டு நிறத்துக்கும் ஒன்றேதான். மேலே போர்த்தும் தகடுதான் வேறு. ஆனால் தகடு போர்த்திய பிறகு கிடைக்கிற படிப்பு வேறு, அதனால் கிடைக்கிற வேலையும் வேறு. ஆரஞ்சு ரோபாட்டுக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் உண்டாவதற்கு முன்பே இதெல்லாம் இப்படித்தான், ஒருவனாக நான் என்ன செய்துவிட முடியும் என்கிற மாதிரி இழுக்கிறது. நம் ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பதிலுக்குப் பொழிப்புரை தேவையில்லை.

டார்ல்டன் அனுமதி மறுத்துவிடுகிறார். ஆனால் நம்பிக்கை இல்லாமல் போகச் சொல்லவில்லை. பூமியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, மாறினோம் என்கிறார். ராக்கெட்டில் ஏறுகிறார். கதை முழுக்கப் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கடைசிக் கட்டத்தில் கழற்றுகிறார். வியர்வை பூத்த முகம். அவர் ஒரு கறுப்பர்.

அவ்வளவுதான். வசனம்கூட இல்லை.

இதில் என்ன ட்விஸ்ட் என்று யோசித்துப் பாருங்கள். டார்ல்டனுக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை, அவர் நிறம் அவருக்குத் தெரியும். அந்த ரோபாட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கதைக்குள் யாருக்குமே எதுவும் மாறவில்லை. மாறியது படிக்கிறவனுக்கு மட்டும்தான். ஆறு முக்கால் பக்கம் அந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு வெள்ளைக்கார முகத்தை நாம்தான் வைத்திருந்தோம். யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஆரஞ்சு ரோபாட்டைப் பார்த்து 'சே, என்ன ஜென்மம்' என்று நினைத்துக்கொண்டே நாமும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

இதை எழுத்தில் மட்டும் செய்தால் கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரி ஆகிவிடும். எழுத்தாளர் வேண்டுமென்றே ஒரு விவரத்தை மறைத்தார் என்று சொல்லலாம். காமிக்ஸில் அந்தப் புகார் நிற்காது. வேற்றுக் கிரகத்துக்கு வந்தவன் ஹெல்மெட் போடுவான், அது நியாயம். எல்லாக் கட்டத்திலும் டார்ல்டன் நம் கண் முன்னால்தான் நிற்கிறார். இரண்டாம் முறை படிக்கும்போது அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் வேறு கனம் வருகிறது. பஸ்ஸின் பின்பக்கத்தைக் காட்டும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் போட்டுப் பார்க்கிறோம். நண்பனின் தீக்குச்சிக்கு இதுதான் என் பதில்: எனக்கு இந்தக் கதை இரண்டாம் முறைதான் முழுசாகப் புரிந்தது.

வருடத்தையும் கவனியுங்கள், 1953. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று சொன்னது 1954-இல். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பரில். பத்து சென்ட் காமிக்ஸ் முந்திக்கொண்டுவிட்டது.

கதைக்கு வெளியே நடந்த கதை இன்னும் சுவாரசியம். 1954-இல் காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரிய கூச்சல். அமெரிக்க செனட் விசாரணையே நடந்தது, கெயின்ஸ் அங்கே போய் சாட்சியும் சொன்னார். பயந்துபோன பதிப்பாளர்கள் சேர்ந்து 'காமிக்ஸ் கோட்' என்று தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டார்கள். சார்லஸ் மர்ஃபி என்கிற நீதிபதி அதற்கு நிர்வாகி. பேய்க்கதை இதழ்கள் போயின. 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்ஷன்' என்று பெயர் மாறியிருந்த விஞ்ஞான இதழின் 33-ஆவது இதழுக்கான ஒரு கதையைத் தணிக்கை நிராகரித்துவிட, அந்த இடத்தில் 'ஜட்ஜ்மென்ட் டே'யை மறுபதிப்பாகப் போட நினைத்தார்கள். அதற்கும் தடை. விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாதாம்.

ஃபெல்ட்ஸ்டைனுக்குத் தலை சுற்றியிருக்கும். முழுக் கதையும் அந்த ஒரு முகத்துக்காகத்தான். அதை மாற்றினால் மிச்சமிருப்பது ரோபாட் தொழிற்சாலைச் சுற்றுலா! கெயின்ஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவேன் என்றார். மர்ஃபி இறங்கி வந்தார்: சரி, அந்த வியர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள். போனிலேயே நல்ல கெட்ட வார்த்தையில் பதில் கிடைத்தது. கதை ஒரு கோடுகூட மாறாமல் அச்சானது. 1956 ஜனவரி–பிப்ரவரி தேதியிட்ட அந்த இதழ்தான் இ.சி.யின் கடைசிக் காமிக்ஸ் இதழ். அதற்குப் பிறகு அவர்களிடம் மிஞ்சியது 'மேட்' பத்திரிகை மட்டும்.

மர்ஃபிக்கு எதிராக நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவர்தான் அந்தக் கதையை மிகச் சரியாகப் புரிந்துகொண்ட வாசகர் என்று தோன்றுகிறது. எந்தக் கட்டத்தில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இ.சி.யின் எல்லாக் கதையும் இப்படி என்று நினைத்து ஏமாறாதீர்கள். பாதிக்கு மேல் சுமார் ரகம். கடைசியில் அந்தக் கிரகமே பூமி, கடைசியில் உயிர் பிழைத்த இருவர் பெயர் ஆதாம் ஏவாள், கடைசியில் ராட்சதன் என்று நினைத்தது ஒரு குழந்தை... இந்த மாதிரி. ஒன்று படித்தால் 'அட', நாலு படித்தால் கொட்டாவி. என் கணக்கில் வித்தியாசம் இதுதான். இருப்பாய்வு சமன் ஆகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம் இல்லையா? அப்புறம் தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். நல்ல கதை, நாம் மனசில் அனாமத்தாகப் போட்டு வைத்ததைக் கடைசிக் கட்டத்தில் முறையாக முடிக்கும். மோசமான கதை, நாம் எங்கேயும் போட்டு வைக்காத ஒரு தொகையைக் கடைசியில் எடுத்து நீட்டி 'எப்படி!' என்று கேட்கும். (பி.காம் அல்லாதவர்கள் மன்னிக்க.)

அமெரிக்காவில் 1956-இல் கடை மூடியது. இருபத்தோரு வருடம் கழித்து அதே சரக்கு பிரிட்டனில் கிடைத்தது. 1977-இல் ஆரம்பித்த '2000 ஏ.டி.' வார இதழ். இதை நடத்திய ஐ.பி.சி. நிறுவனம் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. முத்து காமிக்ஸ் 1972-இல் முதல் இதழாகப் போட்ட இரும்புக்கை மாயாவி வந்த ஃப்ளீட்வே, அந்தக் குடும்பம்தான். '2000 ஏ.டி.'யில் 'ஃபியூச்சர் ஷாக்ஸ்' என்ற பெயரில் தனிக்கதைகள் வரும். பெரும்பாலும் ஐந்தாறு பக்கத்துக்குள். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அதுதான் பயிற்சிப் பட்டறை: அளவு குறைவு, ஹீரோ கிடையாது, கடைசியில் திருப்பம் வேண்டும். நீல் கெய்மன், கிரான்ட் மாரிசன் எல்லோரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அதில் நிறைய எழுதியவர் ஆலன் மூர்.

அவருடைய 'தி ரிவர்சிபிள் மேன்', 1983, படம் மைக் வைட். ஒருவர் தெருவில் விழுந்து கிடக்கிறார். நெஞ்சு வலி போய்விடுகிறது, எழுந்திருக்கிறார், பின்பக்கமாக நடக்கிறார். அங்கிருந்து அவர் வாழ்க்கை முழுக்கத் தலைகீழாக ஓடுகிறது. இறந்தவர்கள் திரும்பி வருகிறார்கள். மனைவியோடு வாழ்ந்த காலம் கல்யாணத்தில் முடிகிறது, பிறகு இருவரும் அந்நியர்கள். வயது குறைந்துகொண்டே போய் பிறப்பில் முடியும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லை. ட்விஸ்ட் கதைகளுக்கான பகுதியில், ட்விஸ்டை முதல் கட்டத்திலேயே கொடுத்துவிட்டு, இப்போது படி பார்க்கலாம் என்கிறார் மனிதர். முதல் சந்திப்பையும் கடைசிப் பிரிவையும் ஒரே கட்டத்தில் வைத்தால் தொண்டை அடைக்கிறது. முடிவு தெரிந்தால் கதை காலி என்பவர்களை இந்தக் கதையோடு ஒரு அறையில் பூட்டி வைக்க வேண்டும்.

சிரிக்க வேண்டுமென்றால் அதே வருடம் மூர், டேவ் கிப்பன்ஸ் சேர்ந்து செய்த 'க்ரோனோகாப்ஸ்'. (இதே ஜோடிதான் 1986–87-இல் 'வாட்ச்மென்' செய்தது.) காலப் பயணக் குற்றங்களைப் பிடிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள், அந்தக் கால அமெரிக்க டிவி போலீஸ் மாதிரி விறைப்பான பேச்சு. கதையை இங்கே சொல்லப் போவதில்லை. இதை மட்டும் உடைக்க மனசு வரவில்லை. படிக்கும்போது பேசுகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். தாழ்வாரத்தில் பின்னால் யார் கடந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

'ஜட்ஜ்மென்ட் டே' ஆர்லாண்டோவின் இ.சி. கதைகளைத் தொகுத்து ஃபேன்டாகிராஃபிக்ஸ் 2014-இல் போட்ட புத்தகத்தில் இருக்கிறது, புத்தகத்தின் பெயரிலேயே கதையின் பெயர் உண்டு. மூருடையவை 'கம்ப்ளீட் ஆலன் மூர் ஃபியூச்சர் ஷாக்ஸ்' தொகுப்பில். இரண்டும் நம் பாக்கெட் மணிக்குக் கொஞ்சம் ஓவர்தான். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். அறை நண்பனிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறானாம்.