ஆடிப்பெருக்குப் படமும் அத்தையின் இமையும்



ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போயிருந்தோம். காவிரியில் குளித்து, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, சாயங்காலம் எல்லோருமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். இரவு அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். அத்தையின் வலது இமை கருவிழியில் பாதிவரை இறங்கியிருந்தது. "வெயில்ல சுத்துன அசதி. வயசும் ஆச்சு. கண்ணு சொக்குறதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?" என்றார்.

போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைவிட, எத்தனை நாளில் இறங்கியது?

அதற்குச் சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. கல்யாண ஆல்பத்தை எடுங்கள், பழைய வாக்காளர் அட்டையைத் தேடுங்கள். பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்திருந்தால் பெரும்பாலும் வயதுதான் காரணம். இமையைத் தூக்கும் தசையின் நாண் தளர்ந்துவிடுகிறது. மோவாயை நிமிர்த்திக்கொண்டு பார்க்கும் அளவுக்கு மறைத்தால் சிறிய அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம்; நிதானமாகப் போகலாம். பிறவியிலேயே இமை தாழ்ந்த குழந்தைக்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. மறைந்திருக்கும் கண்ணை மூளை பயன்படுத்தாமலே விட்டுவிடும். "பெருசானா சரியாயிரும்" என்று காத்திருந்தால், அந்தக் கண்ணில் பார்வை வளராமலே போய்விடலாம்.

நேற்று நன்றாக இருந்த இமை இன்று விழுந்துவிட்டால் கதை வேறு. கூடவே கடுமையான தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண்பாவை மட்டும் விரிந்தோ சுருங்கியோ இருப்பது, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மூளையில் புடைத்த ரத்தக்குழாய் நரம்பை அழுத்தினாலும் இமை விழும். "சுகர் இருக்கு, அதனாலதான்" என்று நாமே முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை நோயில் இப்படி வருவதும், பிறகு தானாகச் சரியாவதும் உண்டு. ஆனால் அதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அத்தையுடையது இந்த இரண்டிலும் சேரவில்லை. போன பொங்கல் படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. துருவிக் கேட்டதில், காலையில் நன்றாகவே இருப்பதாகவும், சாயங்காலம் பூக் கட்ட உட்கார்ந்தால் இமை இறங்கி நார் இரண்டாகத் தெரிவதாகவும் சொன்னார். நரம்பியல் மருத்துவர் ஓர் ஐஸ் பொட்டலத்தை இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். இமை ஏறியது! பிறகு ரத்தப் பரிசோதனை. மயஸ்தீனியா கிராவிஸ் என்றார்கள். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய். பலருக்கு முதலில் தெரிவது இமையில்தான். விட்டுவிட்டால் சிலருக்கு விழுங்குவதும் மூச்சுவிடுவதும் சிரமமாகும்.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-இல், லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோய் குராரே எனும் அம்பு நஞ்சின் விளைவைப் போலவே இருப்பதைக் கவனித்தார். அந்த நஞ்சுக்கு முறிவான மருந்தை நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். விழுந்த இமை எழுந்தது. அடுத்த ஆண்டே அவர் பயன்படுத்திய நியோஸ்டிக்மினைத்தான், நல்ல பாம்பு கடித்து இமை சொருகியவர்களுக்கு விஷமுறிவு மருந்தோடு இன்றும் போடுகிறார்கள். அந்த நஞ்சும் அடிப்பது அதே இடத்தில்தான்.

நம் பக்கத்து ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கட்டுவிரியனைப் பற்றி. அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், பிறகு இரண்டு இமையும் தூக்க முடியாமல் சொருகும். தூக்கக் கலக்கம் என்றோ, அஜீரணம் என்றோ நினைத்து ஓமத்தண்ணீர் கொடுக்கும் நேரத்தில் நஞ்சு மூச்சுத் தசைக்குப் போய்விடும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து தயாராகும் விஷமுறிவு மருந்தை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றுவார்கள்.

அத்தை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இப்போது சாயங்காலமும் பூக் கட்டுகிறார். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தரையில் படுப்பவர்கள் இருந்தால், இன்றிரவே கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்