நம் ஆசிரியர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்: ஒரு பொது வேண்டுகோள்

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கும், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும், கணினித் துறையில் வேலைபார்க்கும் நம் ஊர் இளைஞர்களுக்கும்,

எங்களில் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிபவர்களும் உண்டு. நம் ஆசிரியர்கள் காலையில் வருகைப்பதிவு தொடங்கி இரவில் வினாத்தாள் தயாரிப்பது வரை கணினியோடும் கைப்பேசியோடுமே நாளைக் கழிக்கிறார்கள். அந்தக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் யாருடையது, அதன் விதிகளை யார் எழுதுகிறார்கள், நாளை அது மாறினாலோ நின்றுபோனாலோ நம் கையில் என்ன மிஞ்சும் என்பதை எந்தப் பயிற்சியிலும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதை நாமே சேர்ந்து செய்யலாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

கணினி உலகத்துச் சிக்கல் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். தமிழில் தட்டச்சு செய்த அனுபவமுள்ள ஆசிரியர் அப்படிக் கேட்க மாட்டார். பள்ளியில் வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அச்சகத்துக் கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாததால், ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பிக் கிடக்கும். பாமினியில் அடித்ததை வேறோர் எழுத்துருவில் படிக்க முடியாது. கணினிக்குள் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் எந்த எண் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டதுதான் காரணம். மொழி நம்முடையது, பாடம் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. ஆனால் நாம் எழுதியதை நாமே திறந்து படிக்க, எழுத்துருவை விற்றவரின் தயவு வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை தரமாக வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு, எழுத்துகளுக்குப் பொது எண் தரும் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணையிட்டது. இன்று திருநெல்வேலியில் தட்டச்சு செய்த செய்தியை டொராண்டோவில் இருப்பவர் தன் கைப்பேசியில் அப்படியே படிக்கிறார். தனியொரு நிறுவனத்துக்குச் சொந்தமாகாத, எவரும் பின்பற்றக்கூடிய பொதுத் தரம் ஒன்று வந்ததால் கிடைத்த வசதி இது. அதற்கு முந்தைய பாடக்குறிப்புகளும் ஆண்டு மலர்களும் பழைய எழுத்துருக்களுக்குள் இன்னும் அடைபட்டிருக்கின்றன. பல பள்ளிகளில் அவற்றை யாரும் திறந்துபார்த்தே ஆண்டுகள் ஆகிவிட்டன.

எழுத்துருவோடு இது முடியவில்லை. ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் உருவாக்கிய அசைபடப் பாடங்களைக் குறுந்தகடுகளில் சேர்த்து வைத்திருந்த அறிவியல் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், 2021இல் வரம்பு வைக்கப்போவதாக அறிவித்தது. அதை நம்பி எல்லாவற்றையும் ஏற்றிவைத்தவர்கள் எதை அழிப்பது என்று தேட வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்புக்குப் புதிய வகை நுண்செயலியும் தனிப் பாதுகாப்புச் சில்லும் தேவை. பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் இவை கிடையாது. திரையும் விசைப்பலகையும் நினைவகமும் நன்றாக வேலைசெய்யும் கணினி, ஓர் அறிவிப்பால் காலாவதியானதாகக் கருதப்படுகிறது.

பணம் கட்டி உரிமம் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதை அடுத்து, நம் நாட்டில் இயங்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. குஜராத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம் அது. ஊழியர்களால் தங்கள் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு சில நாட்களில் சேவை திரும்பியது. வழக்கறிஞர்களை அமர்த்த வசதியுள்ள நிறுவனத்தின் நிலையே இது. ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இப்படி ஒரு சிக்கலில் மாட்டினால் எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

இதற்கு மாற்றாகத்தான் கட்டற்ற மென்பொருளைச் சொல்கிறோம். எவரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், எப்படி இயங்குகிறது என்று மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தில் தொடங்கி, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலோடு சேர்ந்து, இன்று உலகின் இணைய வழங்கிகளில் பெரும்பகுதியை இயக்குவது இந்த மரபுதான். படியெடுத்து மாணவனிடம் கொடுத்தால் குற்றம் என்றிருக்கும் பொருளை வகுப்பறையில் வைத்துக்கொண்டு, பகிர்ந்து கற்றுக்கொள் என்று அந்த மாணவனிடம் எப்படிச் சொல்வது? உரிமம் உடைத்த விண்டோஸைப் பென்டிரைவில் வாங்கிவந்து பள்ளிக் கணினியில் போடும் நிலைமைக்கு ஆசிரியரைத் தள்ளிய பிறகு, நேர்மையை அவர் எந்த முகத்தோடு கற்பிப்பார்?

பக்கத்து மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கேரளத்தில் 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது பாடமும் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளை ஒட்டியே இருந்தன. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. இதற்காகக் கணினிப் பட்டதாரிகளைத் தேடி அவர்கள் காத்திருக்கவில்லை. கணிதமும் மலையாளமும் சமூக அறிவியலும் நடத்திவந்த ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிலிருந்தே பள்ளிதோறும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்தார். அவர்களிலிருந்தே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களும் வந்தார்கள். 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. உரிமக் கட்டணத்தில் மிச்சமானது ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பணத்தைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி இயங்குதளத்தையே தாங்களே தொகுத்து வெளியிடும் ஆற்றல் ஒரு மாநிலப் பள்ளிக் கல்விக்குள்ளேயே உருவாகியிருக்கிறது.

நம் மாநிலம் இயந்திரத்திலிருந்து தொடங்கியது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தபோது, விண்டோஸோடு போஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. சி-டாக் என்ற அரசு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்த இயங்குதளம் அது. ஆனால் அதை ஏன் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்து என்ன செய்யலாம் என்று மாணவருக்குச் சொல்ல ஆசிரியருக்கே யாரும் சொல்லித் தரவில்லை. கணினியைத் திறந்ததும் வரும் பட்டியலில் இரண்டாவது பெயராகவே அது நின்றுவிட்டது. இன்றும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடநூலில் ஓப்பன் ஆஃபிஸ் இருக்கிறது. கணிதப் பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று ஜியோஜீப்ரா வருகிறது. 2012இல் வந்த பள்ளிக் கல்விக்கான தேசியத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் திறந்த மூல மென்பொருளையே பரிந்துரைக்கிறது. இத்தனையும் இருந்தும் ஆசிரியரின் கைக்கு அது வந்துசேரவில்லை.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளிப் பாடங்களுக்காக ஒன்றிய அரசு நடத்தும் திக்‌ஷா தளம் சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. பாராட்டத்தக்க செய்திதான். ஆனால் 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, அந்தச் செயலி மாணவர்களின் துல்லியமான இருப்பிடத்தைச் சேகரிக்கக்கூடியதாக இருந்தது என்றது. 2023 ஜனவரியில், அதே தளத்தின் தரவுகள் மேகச் சேமிப்பகம் ஒன்றில் பாதுகாப்பின்றி இருந்தது செய்தியாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அதில் அடங்கும். நிரல் திறந்திருந்தும் தரவைக் காப்பதில் பொறுப்பு தவறிப்போனது. ஆகவே ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒரு மென்பொருளின் பெயரையல்ல. இந்தச் செயலி என் பிள்ளைகளைப் பற்றி எதைச் சேகரிக்கிறது, அது எங்கே போகிறது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி இருக்கிறதா, நான் வெளியேறும்போது என் கோப்புகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்கும் பழக்கத்தை. மாணவரின் ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆசிரியர்மேல் இதில் குற்றமில்லை. மேலிருந்து "உடனே அனுப்புங்கள்" என்று வரும் உத்தரவுக்கு நடுவே வேறு வழி எதையும் அவருக்கு யாரும் காட்டவில்லை.

நாங்கள் நடத்த விரும்புவது இரண்டு நாள் வகுப்பு. தத்துவத்திலிருந்து தொடங்க மாட்டோம். ஆசிரியர் தன் சொந்த வினாத்தாளோடு வரட்டும். அதைக் கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெ ஆஃபிஸில் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, தமிழ்99இல் திருத்தி, எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவத்தில் சேமிக்கட்டும். தமிழாசிரியர் பழைய நூலின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து டெசராக்ட் மூலம் எழுத்தாக்கிப் பார்க்கட்டும். பிழைகள் வரும், அந்தப் பிழைகளைத் திருத்தித் தந்தால் தமிழுக்கான கருவி மேம்படும் என்பதையும் அப்போது சொல்வோம். அறிவியல் ஆசிரியர் ஸ்டெல்லேரியத்தில் தன் ஊரின் பெயரைக் கொடுத்தால் அன்றிரவு அந்த ஊர் வானில் தெரியப்போகும் கோள்களும் விண்மீன்களும் திரைக்கு வரும். இணையம் இல்லாமலே ஓடும் இந்த மென்பொருளைக் கண்டதும், பாடநூலில் ஒரு பக்கமாக இருந்த வானியலை இனி எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறோம். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு, பிள்ளைகள் வரையவும் விளையாடிக் கற்கவும் உதவும் டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. இரண்டாம் நாள் பழைய கணினி ஒன்றில், உள்ளே இருப்பதை அழிக்காமல், பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது. கைப்பேசிச் செயலிகள் கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, தேவையற்றதை நீக்குவது. தாங்கள் தயாரித்த பாடத்தைப் பொது உரிமத்தில் வெளியிடுவது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தபோது அவர்கள் ஆர்வத்தோடு கட்டுரைகள் எழுதினார்கள். வாய்ப்பு கொடுத்தால் நம் ஆசிரியர்கள் கற்பார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பெற்றோர் எங்களிடம் கேட்பது ஒன்றுண்டு. கம்பெனிகளில் எக்செல்தானே கேட்கிறார்கள், பிள்ளையின் வேலைவாய்ப்பு என்னாவது? ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகப் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் இன்றைய மென்பொருளின் பொத்தான்கள் எல்லாம் இடம்மாறியிருக்கும். அட்டவணையில் கூட்டலும் வடிகட்டலும் ஏன், எப்படி நடக்கிறது என்று லிப்ரெ ஆஃபிஸில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எக்செலுக்கு மாறுவது கடினமில்லை. பொத்தானின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய பாடம்.

சிரமங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு உடனே ஒத்துழைப்பதில்லை. சில அரசுத் தளங்கள் குறிப்பிட்ட மென்பொருளைக் கேட்டு அடம்பிடிக்கின்றன. அப்படி ஒரு நாளில் ஆசிரியருக்குத் துணைக்கு யாரும் இல்லையென்றால் அவர் பழைய வழிக்கே திரும்புவார். திரும்புவதில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் பயிற்சியைவிடப் பயிற்சிக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறோம். கணினித் துறையில் இருக்கும் நண்பர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. நீங்கள் படித்த பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள், நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுங்கள், ஒரு கல்வியாண்டு முழுக்க. தமிழில் பேசுங்கள். ஆசிரியர் தடுமாறும்போது மவுஸை அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவரே செய்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வையுங்கள்: நம் பள்ளி எந்தெந்தச் செயலிகளில் பிள்ளைகளின் விவரங்களைப் பதிகிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். சண்டைக்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களிடம் நாங்கள் கேட்பது, பணியிடைப் பயிற்சி நாட்காட்டியில் இரண்டே நாட்கள். வட்டார வள மையத்தின் கணினிகளும் அங்கிருக்கும் ஆசிரியப் பயிற்றுநர்களும் போதும். வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

தலைமையாசிரியர்களே, உங்கள் ஆய்வகத்தில் ஓடாமல் ஒதுக்கி வைத்திருக்கும் கணினிகளை இந்தப் பருவம் முடிவதற்குள் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எந்த ஆண்டு வாங்கியது, எவ்வளவு நினைவகம், ஏன் நின்றது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு, கற்றுக்கொள்ள விருப்பமுள்ள இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் சேர்த்து வையுங்கள். அவர்கள் கணினி ஆசிரியர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் முதல் வகுப்புகளைத் தொடங்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஆசிரியர்கள், மென்பொருள் பணியாளர்கள், பெற்றோர் சார்பில்