பெட்டியை முதலில் எடை போடுவோம், வண்டியை அப்புறம் பார்ப்போம்



"டிப்ளமா படிக்கிற பையன்தானே, நல்ல பழைய வண்டியா ஒண்ணு பாத்துக் குடு!" நம்மில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டளை வராத வீடு குறைவு. இப்போது கேட்பது பெரும்பாலும் பிக்கப். அதுவும் வாடகைக்குச் சரக்கு ஏற்ற அல்ல. பின்னால் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ராத்திரி நிறுத்தினால் இரண்டு பேர் படுக்க ஒரு பலகை. அமெரிக்காவில் பிக்கப்பின் தொட்டி மேல் சின்ன வீட்டையே ஏற்றி ஊர் சுற்றுகிறார்களாம். நம் ஊரில் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களைவிட, வயிற்றுப் பிழைப்புக்காக அதைக் கேட்கிறவர்கள்தான் அதிகம். எங்கள் சித்தப்பா கல்யாண சமையல் மாஸ்டர். வெளியூர் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரியே போய்ப் படுக்க இடமில்லாமல் மண்டப வாசலில் கிடந்து சலித்துப் போனவர். சித்தி நகையை அடகு வைத்துப் பணம் புரட்டி வைத்திருக்கிறார். ஆகவே இது எனக்கு வெறும் தொழில்நுட்பப் பேச்சு இல்லை.

எல்லாரும் முதலில் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். பானெட்டைத் தூக்கு, ஸ்டார்ட் பண்ணு, புகை வருதா பாரு, சத்தம் கேளு. தரகரும் அதைத்தான் விரும்புவார். என் கட்சி வேறு. இன்ஜின் கெட்டால் இறக்கி வேலை பார்த்து ஏற்றலாம். செலவு ஆகும், ஆனால் முடியும். டாடா 207, பொலேரோ பிக்கப் போன்றவற்றுக்குத் தர்மபுரியிலும் சேலத்திலும் பாகம் கிடைக்காமல் போகாது. சேசிஸ், ஹவுசிங், பிரேக் இவை தாங்காத சுமையை ஏற்றிவிட்டால் அதற்கு எந்தப் பட்டறையிலும் மருந்து இல்லை.

அதனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு நான் போட்ட கணக்கு இது. சதுரக் குழாய், பிளைவுட், தகடு போட்டுக் கட்டின பெட்டி 400 கிலோவுக்குக் குறையாது. தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. கேஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 60. அடுப்பு, அண்டா, கிரைண்டர் 90. மளிகையும் படுக்கையும் 100. மேலே கட்டும் பந்தல் சாமான் 50. முன்னால் உட்காரும் மூன்று பேர் 195. மொத்தம் 1095 கிலோ! "என்னடா, ஒரு டன்னுக்கு மேல போகுதா?" என்று சித்தப்பாவே அசந்துவிட்டார்.

இப்போது ஆர்.சி. புக்கைப் பாருங்கள். அதில் காலி எடை, சுமையோடு எடை என்று இரண்டு இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தாங்கும் சுமை. அதில் ஆட்களும் அடக்கம். 2005இல் வந்த டாடா ஏஸ் மாதிரி சின்ன யானைகள் முக்கால் டன் வகை. விலை கைக்குள் அடங்குகிறதே என்று அதன் மேல் இந்தப் பெட்டியை வைத்தால் புறப்படும் முன்பே ஓவர்லோடு. ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. ஆக, ஒன்றேகால் முதல் ஒன்றரை டன் வரை தாங்கும் நடுத்தர வண்டிதான் நமக்கு ஆகும். பட்ஜெட்டுக்குள் வரவில்லையா, வயசான நடுத்தர வண்டியை வாங்குங்கள். வயசு குறைந்த சின்ன வண்டியை வாங்காதீர்கள். 2011இல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த்தும் இந்த நடுத்தர வகைதான். (2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூரும் நம்ம மாவட்டம்தானே, அந்தப் பாசம் விடுமா?) பொலேரோ கேம்பர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது இரண்டு வரிசை சீட் வைத்த பிக்கப், அவ்வளவுதான். பின்னால் தொட்டி சின்னதாகிவிடுவதால் பெட்டிக்கு இடம் போதாது.

"அதெல்லாம் தக்காளிக்கு ரெண்டு டன் ஏத்துறாங்களே?" என்று கேட்பார்கள். ஏற்றுகிறார்கள்தான். ஆனால் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி இறங்கிவிடும். திரும்பும்போது பட்டை நிமிர்ந்துகொள்ளும். நம் பெட்டி இறங்காது. வண்டி நின்றாலும் தூங்கினாலும் ஸ்பிரிங் மேல் அதே சுமை, வருஷம் 365 நாளும். அதனால் தாங்கும் சுமையில் முக்கால் பங்குக்கு மேல் பெட்டியால் நிரப்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம். 1095 கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் வண்டி வேண்டும் என்று அர்த்தம். பட்டறையில் "ரெண்டு பட்டை சேத்துடலாம் தம்பி" என்பார்கள். பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாது, அவ்வளவே. ஹவுசிங்கும், பேரிங்கும், டயரும், பிரேக் டிரம்மும் பழசுதானே?

பிரேக் என்றதும் நமக்கு நினைவு வருவது தொப்பூர் கணவாய். 2020 டிசம்பரில் ஒரு லாரி முன்னால் நின்ற வண்டிகள் மேல் ஏறி நான்கு உயிர் போனது. 2024 ஜனவரியில் மறுபடியும் நான்கு. தெர்மல் வகுப்பில் தூங்காதவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கும் வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு முறை முழுதாக நிற்கும்போது வரும் அளவு சூட்டைப் பிரேக்கில் கொட்டும். எடை எவ்வளவு ஆனாலும் இந்த ஏழு மாறாது. ஆனால் எடை கூடக் கூட ஒவ்வொரு முறைக்கும் சூடு கூடும், டிரம் மட்டும் அதே டிரம். ஆகவே ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? அங்கே போலீஸ் வைத்த போர்டே சொல்கிறது.

பெட்டிக்குள் எது எங்கே என்பதும் முக்கியம். 200 லிட்டர் தொட்டியைப் பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், சக்கர இடைவெளி 3 மீட்டர் என்று கொண்டால், முன் சக்கரத்திலிருந்து 60 கிலோ தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாகும், "பவர் ஸ்டியரிங் மாதிரி இருக்குப்பா" என்று சந்தோஷப்படுவார்கள்! கனமானது எல்லாம் தரையோடு, கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால். மேலே கனம் வைத்தால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு தெரியும்.

வண்டியின் பூர்வீகத்தை விசாரியுங்கள். பால் வண்டி, பிரெட் வண்டி என்றால் கண்ணை மூடாவிட்டாலும் பாதி மூடலாம். கிரானைட், மணல் அடித்ததா? வேண்டாம். மீன் வண்டியும் கோழி வண்டியும் உப்பும் எச்சமும் பட்டு அடியில் அரித்திருக்கும். மேலே புது பெயிண்ட் பளபளக்கும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேசிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் டீக்குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23வது வாரம். பட்டன் இருக்கிறதே என்று பழைய டயரை நம்ப வேண்டாம். 15 வயது தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணம் பல மடங்கு. அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. நாமக்கல்லில் அருமையாகப் பாடி கட்டுவார்கள். ஆனால் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே அங்கே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஓடும்போது பெட்டிக்குள் ஆள் உட்காருவது எந்த வகையிலும் கூடாது.

சித்தப்பாவோடு இதுவரை மூன்று வண்டி பார்த்தோம். மூன்றையும் எடை மேடையில் ஏற்றினேன், தரகர் முறைத்தார். ஒன்று ஆர்.சி.யில் உள்ள காலி எடையைவிட 140 கிலோ கூடுதல், யாரோ இரும்பால் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதைத் தள்ளினோம். பால் வண்டி ஒன்று பேச்சில் இருக்கிறது. தண்ணீரை 100 லிட்டராகக் குறைக்க ஒத்துக்கொண்டார், மண்டபத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று. கிரைண்டரை மட்டும் இறக்க மாட்டேன் என்கிறார். சரி, அதைக் கேபினை ஒட்டிக் கீழே போல்ட் போட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.