ஒட்டுற டயரும் ஓட்டத் தெரியாத கையும்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கணும்னு ஒருத்தர் முடிவு பண்ணிவிட்டால் போதும், நாலு பேர் ஓடி வந்து சொல்லும் முதல் அறிவுரை: "மொதல்ல டயரை மாத்து பாஸ்!" கிரிப் அதிகமுள்ள மெத்தென்ற ரப்பர் டயராம், ஒட்டிக்கிட்டே போகுமாம். கத்துக்கொள்ளப் போகிறவருக்கு இதைவிட மோசமான யோசனையைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது அந்த டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி, 1990-லிருந்து ஓடிக்கொண்டிருப்பது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். 'டிராக் டே' நாட்களில் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சாதாரண ஆட்களும் ஓட்டலாம். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது. வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர் போக வேண்டிய இடம் அதுதான். அதில் சண்டையே இல்லை. சண்டை டயரைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சாதாரண டயரின் உராய்வு எண் 0.8 என்று வையுங்கள். பிடி விடாமல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். அதே வளைவில் 1.0 தரும் டயர் போட்டால் 80. ஆஹா, ஒன்பது கிலோமீட்டர் லாபம்! ஓட்டுபவர் கை அதே கைதான், கால் அதே கால்தான். ஆனால் தப்பு நடந்தால் கார் சுமந்து போகிற ஆற்றல் 25 சதவீதம் கூடுதல் (ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, பிளஸ் டூ இயற்பியல்). லாபத்தைக் காட்டி அபாயத்தை மறைக்கிற பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரா?

இன்னொன்று, இதுதான் முக்கியம். சாதாரண டயர் வாய் திறந்து பேசும். பிடி போகப்போகிறது என்றால் கீச்சென்று கத்தும், கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். "தம்பி, வளைவுக்குள்ள வேகமா வந்துட்ட, ஸ்டியரிங்கை ரொம்ப ஒடிக்கிற" என்று குறைந்த வேகத்திலேயே சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் அது. ஒட்டுற டயர் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. தப்பான இடத்தில் பிரேக் போட்டாலும் தாங்கும், தப்பாகத் திருப்பினாலும் தாங்கும், ரொம்ப நேரம் தாங்கும். அப்புறம் பொசுக்கென்று விடும். அதற்குள் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து, 'நமக்கு ஓட்ட வந்துடுச்சு'ன்னு நினைப்பு வேற.

செலவும் டயரோடு நிற்காது. பிடி கூடினால் பிரேக், வீல் பேரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் சுமை கூடும். டயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், வருஷக்கணக்காக மாற்றாத பிரேக் ஆயிலைப் பற்றி யோசிப்பதில்லை. ஈரம் உறிஞ்சிய அந்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரையில் போய் உட்காரும். அப்போது எந்த டயரும் காப்பாற்றாது.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர். எஸ். கரிவரதன் குறைந்த செலவில் உருவாக்கிய குட்டிக் கார் அது, மாருதி 800-இன் என்ஜின். பெரிய சக்தி இல்லாத காரில் கற்றவர்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் போனார். அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் நடந்தது ஞாபகமிருக்கும். கடைசி வளைவின் சுமையை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை என்று தெரிந்ததும், அவற்றைப் போட்டிருந்த 14 கார்கள் ஃபார்மேஷன் லாப் முடிந்து பிட்டுக்குள் போய்விட்டன. மீதி ஆறு கார்கள்தான் ஓடின, நரேன் நான்காவது. உலகத்தின் பெரிய டயர் கம்பெனியே டயரை நம்பி ஓட்டாதீர்கள் என்றது. நம்ம ஆள் டயரை மட்டும் நம்பி டிராக்குக்குப் போகிறார் :-)

"டயரு என்னுது, காசு என்னுது, உனக்கென்ன?" என்று கேட்கலாம். டிராக்கோடு முடிந்தால் சரி. ஆனால் அமெச்சூர் ஆளுக்கு ட்ரெயிலர் ஏது, இரண்டாவது செட் வீல் ஏது? அதே டயரில்தான் ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்புகிறார். ஒடுகத்தூர்காரர் என்றால் வேலூர் தாண்டி வந்து, அடுத்த வாரமே ஜவ்வாது மலை ரோட்டில் ஏறிப் பார்ப்பார். 'டிராக்ல ஓட்டின கை!' மழை பெய்த மலை ரோட்டில் அந்த ரப்பர் சூடாகாது. பட்டனில் தண்ணீர் வெளியேற வழியும் குறைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் பீஞ்சமந்தையிலிருந்து பைக்கில் மூன்று பேராக இறங்கி வருகிறவர்களுக்கு இவர் டயர் கதை தெரியாது.

2023 மே மாதம் இதே அணைக்கட்டு வட்டாரத்தில், அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒழுங்கான ரோடு இல்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, தாய் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். ஒரு ரோட்டுக்கு இவ்வளவு விலை கொடுக்கிற மலை இது. அங்கே போய் லாப் டைம் பார்ப்பதற்குப் பெயர் திமிர்.

போட்டியில் இறங்கி, வகுப்பு விதிப்படி டயர் போடுகிறவர்கள் வேறு. அவர்களைப் பற்றிப் பேச்சில்லை. முதல் முறை போகிறவர் காரோடு வந்த டயரிலேயே போகட்டும். பட்டன் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்கு நன்றாக மேலே இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிரேக் ஆயிலும் பேடும் புதுசாகப் போடட்டும். ஓடி வந்ததும் காற்றழுத்தத்தை அளக்கட்டும், சூட்டில் ஏறியிருக்கும். மிச்சக் காசுக்கு, ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து அவரிடம் திட்டு வாங்கட்டும். இப்படி மூன்று நான்கு வாரக்கடைசி போன பிறகும் ஸ்டாப்வாட்ச் நகரவில்லையா? அப்போது போய் டயர் கடைக்காரரைப் பாருங்கள்.