முதல் பங்கு யாருக்கு?

நர்ஸிங் படிக்கும் என் மகளுக்குப் பரீட்சை வந்தால் எனக்கும் பரீட்சைதான். நான் காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து பாடத்தை ஒப்பிப்பாள். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பது என் வேலை. போன வாரம் இதயப் பாடம்.

இதயம் அவரவர் கைமுஷ்டி அளவுதான் இருக்குமாம். மார்பின் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. உள்ளே மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு அறைகள். உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் ரத்தம் வலப்பக்கம் நுழைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. இடது கீழறை ஓங்கி ஓர் அழுத்து அழுத்த, மகாதமனி வழியாக உச்சி முதல் உள்ளங்கால் வரை பாய்கிறது. நடுவிலுள்ள வால்வுகள் ஒருவழிக் கதவுகள். அவை மூடும் சத்தம்தான் 'லப்-டப்'. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு!

"இவ்வளவு ரத்தம் தனக்குள்ளேயே இருக்கே, இதயத்துக்குப் பசியே தெரியாது, இல்லையா?" என்று கேட்டேன்.

"அண்டா நிறையச் சோறு இருந்தா, சமைக்கிறவ வயிறு நிறைஞ்சிடுமாம்மா?" என்று சிரித்தாள் மகள். இதயத்தின் சுவர் கெட்டியான தசை. உள்ளே நிற்கும் ரத்தம் அதற்கு ஊறிவிடாது. கொரோனரி என்ற தனி ரத்தக் குழாய்கள் வேண்டும். மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பிய உடனேயே பிரியும் முதல் கிளைகள் அவைதானாம். தலைக்கும் கைக்கும் போவதற்கு முன்பே இதயம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதுவும் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்ந்திருக்கும் அந்தக் கண நேரத்தில்தான் எடுத்துக்கொள்கிறது.

என் கையில் அரிவாள்மணை நின்றுவிட்டது. என் ஓரகத்தி ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் மாமியார் திவசத்தன்று விடியற்காலையிலேயே அக்காவுக்குத் தாடையும் முதுகும் வலித்தது. குமட்டல், குப்பென்று வியர்வை. சர்க்கரை உடம்பு வேறு. "ராத்திரி சாப்பிட்ட கிழங்கு, வாயுதான்டி" என்றார். நானும் நம்பிப் பெருங்காயம் போட்டு மோர் கரைத்துக் கொடுத்தேன். மத்தியானம் வரை எல்லோருக்கும் பரிமாறினார். தனக்கு இலை போடும்போதுதான் சரிந்தார். "காலையிலேயே கூட்டி வந்திருக்கலாமே" என்று டாக்டர் கேட்டபோது, மோர் கரைத்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டேன். அக்கா பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அது திரும்ப முளைக்காது. இன்று பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

கொரோனரிக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தசைக்கு நஷ்டம். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல அழுத்தம், இடது கை வலி என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல், தாடை, முதுகு, மேல்வயிற்று வலியாகவோ, மூச்சுத் திணறல், குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதியாகவோ வரலாம்.

சகோதரிகளே, அப்படி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஓமத்தண்ணீர், சோடா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நடந்தோ, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தோ போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் இதய மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் "ஈ.சி.ஜி. எடுங்க" என்று நீங்களே கேளுங்கள். வெறும் வாயுவாக இருந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

ஒருவர் மயங்கி விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால் இதயமே நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டு விட்டு இழுக்கும் மூச்சு, மூச்சு ஆகாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் ஆளைத் தரையில் மல்லாத்திப் போட்டு, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் மார்பு மேலே எழும்ப விட்டு, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். மகள் தலையணையை வைத்து எனக்குப் பழக்கிவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் எனக்கே வியர்த்துவிட்டது. ஆள் மாற்றிக்கொள்வது நல்லது.

இந்த வருஷம் திவசத்துக்கு அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். நேரத்துக்கு மாத்திரையும் பலகாரமும் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை. "பெரியவங்க சாப்பிடும் முன்னாடி நான் எப்படிடி..." என்று இழுத்தார். "உங்க இதயமே அப்படித்தான் செய்யுது அக்கா, சாப்பிடுங்க" என்றேன்.