2-0 என்றால் சாம்பியன், 0-2 என்றால் காலியா? என்.எஃப்.எல். செப்டம்பர் ஸ்கோரை நம்பலாமா?

2024 செப்டம்பர் 8. அமெரிக்காவின் என்.எஃப்.எல். சீசனில் முதல் வாரம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி, கரோலினா பேந்தர்ஸை 47-10 என்று துவைத்துக் காயப்போட்டது. அடுத்த ஞாயிறு டல்லாஸ் கவ்பாய்ஸை அவர்கள் மைதானத்திலேயே 44-19 என்று வீழ்த்தியது. இரண்டே ஆட்டத்தில் 91 புள்ளிகள். "இந்த வருஷம் இவங்கதான்" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அதே இரண்டு வாரத்தில் பேந்தர்ஸ் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. 47-10-க்கு அடுத்து, லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸிடம் 26-3. மறுநாளே அதன் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார். 2023 டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானவர், பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்டவர். இரண்டாவது சீசனில் இரண்டே ஆட்டம், கதை முடிந்தது என்றார்கள்.

இப்போது நவம்பர் 3-க்கு வாங்க. அதே செயின்ட்ஸ், அதே பேந்தர்ஸ். பேந்தர்ஸின் குவார்ட்டர்பேக்கும் அதே பிரைஸ் யங். இந்த முறை 23-22 என்று பேந்தர்ஸ் ஜெயித்தது. செயின்ட்ஸுக்கு அது தொடர்ச்சியாக 7-வது தோல்வி. அடுத்த நாள் அதன் தலைமைப் பயிற்சியாளர் டென்னிஸ் ஆலன் வேலையை இழந்தார். சீசன் முடிவில் செயின்ட்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி. பேந்தர்ஸ்? அதுவும் 5 வெற்றி, 12 தோல்வி!

செப்டம்பரில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஜனவரியில் இரண்டு அணியும் ஒரே கணக்கு. அப்படியென்றால் அந்த 47-10 நமக்கு என்ன சொன்னது? ரொம்பக் குறைவாகத்தான் சொன்னது. ஆனால் அதை நம்பி எடுத்த முடிவுகள் மட்டும் பெரிசு. என் வாதமே இதுதான்: சீசனின் ஆரம்ப ஸ்கோர்களை வைத்து மனிதர்களுக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் தவறு, சில நேரம் ஆபத்தானதும்கூட.

முதலில், இந்த லீக் எப்படி இயங்குகிறது?

என்.எஃப்.எல். என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது, எறிவது, மோதித் தடுப்பதுதான் ஆட்டம். மொத்தம் 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கி 18 வாரம் நடக்கும் லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. அதில் 14 அணிகள் ப்ளேஆஃப் போகும். பிப்ரவரியில் சூப்பர் பவுல், அதுதான் ஃபைனல்.

பெரும்பாலான ஆட்டங்கள் அமெரிக்காவில் ஞாயிறு மதியம். செப்டம்பரில் நம்ம கணக்குக்கு ஞாயிறு இரவு 10.30-க்குத் தொடங்கும். அன்றைய கடைசி ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50. அமெரிக்க கிளையண்டோடு திங்கள்கிழமை மீட்டிங் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்கோர் எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரிந்திருக்கும்.

அணியின் கணக்கை 2-0, 0-2 என்று எழுதுவார்கள். முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி. முதல் இரண்டு, மூன்று வாரத்திலேயே இந்த எண்ணை வைத்து ஜாதகம் கணிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம்?

காரணம் எளிது. ஆட்டங்கள் குறைவு. பேஸ்பால் லீக்கில் ஒரு அணிக்கு 162 ஆட்டம், கூடைப்பந்தான என்.பி.ஏ.வில் 82. இங்கே வெறும் 17. இங்கே ஒரு ஆட்டம் தோற்பது பேஸ்பாலில் 9, 10 ஆட்டம் தோற்பதற்குச் சமம். அதனால் ஒவ்வொரு தோல்வியும் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் இதே காரணத்தால்தான் அந்த எண்ணை நம்பவும் கூடாது. ஆட்டங்கள் குறைவாக இருக்கும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். முட்டை வடிவப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது யார் கையில் சிக்குகிறதோ, அவர்கள் பக்கம் ஆட்டம் சாய்ந்துவிடும்.

2024 சீசனின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்குங்க. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக பால்டிமோர் ரேவன்ஸ் 27-20 என்று பின்தங்கியிருந்தது. கடைசிப் பந்து. ஐசையா லைக்லி பந்தைப் பிடித்துவிட்டார், டச் டவுன் என்று அறிவிப்பும் வந்தது. ரீப்ளேயில் பார்த்தால் அவருடைய கால் கட்டைவிரல் எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. டச் டவுன் ரத்து, ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் லாஸ் வேகாஸ் ரைடர்ஸிடம் 26-23 என்று இன்னொரு தோல்வி. 0-2.

'ரேவன்ஸ் அவ்வளவுதான்' என்றவர்கள் நிறைய. சீசன் முடிவில் ரேவன்ஸ் 12-5, தன் பிரிவில் முதலிடம். ஒரு கட்டைவிரல் அகலம் ஒரு அணியின் தரத்தைச் சொல்லுமா?

இன்னொரு விஷயமும் இருக்கு. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் இப்போது பெரும்பாலான அணிகளுக்கு 3 மட்டுமே. காயத்துக்குப் பயந்து முக்கிய வீரர்களை அதிலும் பெரிதாக இறக்குவதில்லை. அதனால் முழு அணியும் முழு வேகத்தில் சேர்ந்து ஆடுவதே பல நேரம் செப்டம்பரில்தான். அதாவது ஒத்திகையும் அரங்கேற்றமும் ஒரே மேடையில் நடக்கிறது.

சரி, 0-2 பற்றிய அந்தப் புள்ளிவிவரம்?

ஒவ்வொரு செப்டம்பரும் டிவியில் ஒரு கணக்கு வரும். 0-2 என்று தொடங்கிய அணிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் ப்ளேஆஃப் போயிருக்கிறது என்பார்கள். கணக்கு பொய்யில்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

பலவீனமான அணி தோற்பது இயல்பு. எனவே 0-2 பட்டியலில் பலவீனமான அணிகள் அதிகம் இருப்பதும் இயல்பு. அவை ப்ளேஆஃப் போகாததற்குக் காரணம் அந்த இரண்டு தோல்வி மட்டுமல்ல, அணியே சுமார் என்பதும்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் பலருக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக, அந்தக் கட்டில்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியுமா?

நல்ல அணி ஒன்று தற்செயலாக 0-2 ஆனால் கதை வேறு. 1993-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ், 2001-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், 2007-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ், மூன்றுமே 0-2 என்று தொடங்கி சூப்பர் பவுலை ஜெயித்தவை. 2024-ல் மட்டும் ரேவன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், டென்வர் பிராங்கோஸ் என 3 அணிகள் 0-2-வில் தொடங்கி ப்ளேஆஃப் போயின. ராம்ஸ் ஒரு கட்டத்தில் 1-4. அப்போதும் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அந்த சீசனின் சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்கூட முதல் 4 ஆட்டத்தில் 2 தோற்றது. நான்காவது ஆட்டத்தில் டாம்பா பே அணியிடம் 33-16 என்று அடிவாங்கியது. அதற்குப் பிறகு லீக் சுற்றின் 13 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று. ஃபைனலில் சீஃப்ஸை 40-22 என்று சாய்த்தது. ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 2015-ல் முதல் 4 ஆட்டமும் தோற்ற மும்பை இந்தியன்ஸ்தான் கோப்பையைத் தூக்கியது.

ஸ்கோரில் தெரியாத ஒன்று: உடம்பு

செயின்ட்ஸுக்கு என்னதான் ஆச்சு? மூன்றாவது வாரத்தில் அதன் சென்டர் எரிக் மெக்காய் காயமடைந்தார். பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்துவிட்டு, எதிரணி பாயாமல் அவருக்கு முன்னால் நின்று தடுப்பதுதான் சென்டரின் வேலை. ஸ்கோர் போர்டில் இவர் பெயர் வராது. ஐந்தாவது வாரத்தில் குவார்ட்டர்பேக் டெரக் காருக்கே காயம். அடுத்த 3 ஆட்டம் அவர் இல்லை. 91 புள்ளி எடுத்த அணி என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அணி களத்தில் இல்லவே இல்லை!

இதைவிடக் கவலையான ஒரு கதை மயாமி டால்ஃபின்ஸுடையது. 2022 செப்டம்பர் 25. பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா கீழே தள்ளப்பட்டார், தலை தரையில் மோதியது. எழுந்தவர் தள்ளாடினார். ஆனாலும் இரண்டாம் பாதியில் திரும்ப வந்து ஆடினார். முதுகுப் பிரச்சினை என்று சொல்லப்பட்டது. டால்ஃபின்ஸ் 21-19 என்று ஜெயித்து 3-0 ஆனது. கொண்டாட்டம்தான்.

நாலே நாள். செப்டம்பர் 29, வியாழக்கிழமை ஆட்டம். சின்சினாட்டியில் மறுபடியும் தலை மோதியது. விரல்கள் விறைத்த நிலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனதை லட்சக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள். பெரிய விமர்சனம் எழுந்தது. அக்டோபரில் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து விதியை மாற்றின. தலையில் அடிபட்டு, நிற்பதிலோ பேச்சிலோ தடுமாற்றம் தெரிந்தால், அந்த வீரர் அன்றைக்குத் திரும்ப ஆட முடியாது.

2024 செப்டம்பர் 12-ல், சீசனின் இரண்டாவது ஆட்டத்தில், அதே டுவாவுக்கு இன்னொரு தலைக்காயம். 4 ஆட்டம் வெளியே. அந்த நான்கில் டால்ஃபின்ஸ் 3 தோற்றது. சீசன் முடிவில் 8-9, ப்ளேஆஃப் இல்லை.

0-2 ஆகிவிடக் கூடாது என்ற பயமும், 3-0 ஆகிவிட வேண்டும் என்ற ஆசையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்துகின்றன. பயிற்சியாளருக்கு வேலை பயம், வீரருக்கு இடம் போய்விடுமோ என்ற பயம். அடிபட்டவர் தானாகவே 'நான் ஆடுறேன்' என்றுதான் சொல்வார். அதனால் அந்த முடிவை அவரிடமும் விடக் கூடாது, ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடமும் விடக் கூடாது. 2022-ல் மாற்றிய விதியின் நியாயம் அதுதான்.

இதில் பணமும் சேர்ந்துகொண்டது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான கட்டுப்பாட்டை ரத்து செய்த பிறகு, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது சட்டப்படி நடக்கிறது. போன வாரம் 47 புள்ளி எடுத்த அணி மேல் பணத்தைக் கட்டுவது இப்போது ஒரு விரல் தட்டும் வேலை. அவசரத் தீர்ப்பால் பர்ஸ் காலியாவது ரசிகருக்குத்தான்.

அப்போ ஆரம்ப ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2024-ல் மினசோட்டா வைகிங்ஸ் 5-0 என்று தொடங்கியது. பல அணிகள் மாறி வந்த சாம் டார்னால்ட்தான் குவார்ட்டர்பேக். 'தற்செயல்' என்றார்கள். கடைசியில் 14-3. செப்டம்பர் அங்கே உண்மையைத்தான் சொன்னது. தவிர, அணிகளும் 10 வாரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. 17-ல் 3 போனால் மிச்சம் 14 மட்டுமே என்ற வாதத்திலும் நியாயம் இருக்கு.

ஆனால் 'ரிசல்ட்டைப் பார்க்காதே' என்பதல்ல நான் சொல்வது. வெற்றி-தோல்வி என்ற ஒற்றை எண்ணைத் தாண்டிப் பாருங்கள் என்பதுதான். அதுக்கு 3 கேள்வி போதும்.

எவ்வளவு வித்தியாசம்? 26-23 தோல்வியும் 26-3 தோல்வியும் பட்டியலில் ஒன்றுதான், அர்த்தத்தில் ஒன்றில்லை. 2022-ல் வைகிங்ஸ் 13-4. ஆனால் 8 புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டத்தையும் ஜெயித்துத்தான் அந்தக் கணக்கு வந்தது. மொத்த சீசனில் எடுத்ததைவிட விட்டுக்கொடுத்த புள்ளிகள் 3 அதிகம். ப்ளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே வெளியே.

யாரை ஜெயித்தார்கள்? செயின்ட்ஸின் 47-10 யாருக்கு எதிராக வந்தது? அதற்கு முந்தைய சீசனில் 2-15 என்று முடித்த அணிக்கு எதிராக!

யார் ஆடவில்லை, அடுத்த வாரம் யார் ஆட மாட்டார்கள்? ஒவ்வொரு வாரமும் அணிகள் காயப்பட்டியலை வெளியிட்டாக வேண்டும் என்பது லீக் விதி. ஸ்கோர் போன வாரத்தைச் சொல்லும். அடுத்த வாரத்தைப் பற்றி இந்தப் பட்டியல்தான் அதிகம் சொல்லும்.

பிரைஸ் யங்குக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது அணி நிதானமாக யோசித்ததால் இல்லை. அவருக்குப் பதிலாக ஆடிய ஆண்டி டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்டதால்! திரும்ப வந்தவர் செயின்ட்ஸை ஜெயித்தார். சீசனின் கடைசி ஆட்டத்தில் அட்லான்டா ஃபால்கன்ஸை அவர்கள் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 44-38 என்று ஜெயித்தார். அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து எழுதிய தீர்ப்பே அவருக்கு நிலைத்திருக்கும். 23 வயசுக்காரர் ஒருவரின் தொழில் வாழ்க்கைக்கு இரண்டு ஆட்டம் போதாது. அடுத்த செப்டம்பரில் 0-2 என்ற எண் கண்ணில் பட்டதும் 'இவன் தேற மாட்டான்' என்று ஷேர் பண்ணத் தோன்றினால், அக்டோபர் முடியும் வரை பொறுங்கள். அதுக்குள்ள எதுவும் குடிமுழுகிப் போகாது.