கியரை மாற்றப் போவது யார்?

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, திண்டுக்கல்லை அடுத்த ஒரு பங்கிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. சேமிப்பும் சிறிது கடனுமாகச் சேர்த்து அவர்கள் ஒரு சிறு கார் வாங்க எண்ணியிருக்கிறார்கள். எந்தக் கார் என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை. கையால் கியர் மாற்றும் வண்டியா, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியா என்பதில்தான் பேச்சு முடிந்தபாடில்லை. பின்னதற்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் கூடுதல். "ஒரு காலைச் சும்மா வைத்திருக்க ஐம்பதாயிரமா?" என்று கேட்கிறாராம் அவர் கணவர்.

கேள்வி நியாயமானதே. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. ஆனால் மடலின் மூன்றாம் பக்கத்திற்கு வந்தபோதுதான், வீட்டில் நடப்பது கியரைப் பற்றிய பேச்சு மட்டுமன்று என்பது நமக்குப் புலனாயிற்று.

கணவரின் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை மதுரைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மகனுக்கு நூற்பாலையில் ஷிப்டு முறையில் வேலை; அவருக்குப் பகல் ஷிப்டு வாய்க்கும் வாரங்களில் வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும். மருமகளிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் முறைப்படி கற்றுத் தேர்வில் தேறியவர். பிறகொரு நாள், உறவினர் ஒருவரின் காரை ஓட்டிச் சென்றபோது, ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மீண்டும் புறப்படுகையில் இன்ஜின் அணைந்தது. ஒருமுறையன்று, மூன்று முறை. பின்னால் நின்ற பேருந்து ஓயாமல் ஹாரன் அடித்தது. பக்கத்தில் இருந்த கணவர், "நீ இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இறங்கியவர் அன்று முதல் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "அத்தையை அழைத்துச் செல்ல வேண்டியவள் நான். வண்டியை முடிவு செய்பவர் அவர்" என்று ஒரே வரியில் அந்தப் பக்கத்தை முடித்திருந்தார் அச்சகோதரி.

அந்த மேம்பாலத்தில் நடந்தது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பெட்ரோல் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே சுழல இயலாது, அணைந்துவிடும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். சுழலும் இன்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் மெல்ல இணைப்பதற்கே கிளட்ச் இருக்கிறது. மிதியை அழுத்தினால் அதன் தட்டுகள் பிரிகின்றன. விட்டால் உராய்ந்து ஒன்றாகின்றன. சமதரையில் இது எளிது. ஏற்றத்திலோ, இடது கால் கிளட்சை மெல்ல விட, வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குத் தாவ, கை பிரேக்கை ஒரு கை தக்க கணத்தில் இறக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டிய நேரம் ஓரிரு நொடிகளே. நாள்தோறும் ஓட்டுபவருக்கு இது கால் அறிந்த பழக்கம். என்றாவது ஒரு நாள் ஓட்டுபவருக்கு, அதுவும் பின்னால் ஹாரன் ஒலிக்கையில், இது சோதனை. திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல நாம் துணியோம். பழக வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதே சரி.

கியரைத் தானே மாற்றும் ஏற்பாடு புதிதன்று. 1939-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் கியர்ப்பெட்டியை அறிமுகம் செய்தது. அவ்வகை வண்டிகளில் கிளட்ச் மிதி இல்லை. இன்ஜினின் சுழற்சியை எண்ணெயே வாங்கிக் கடத்தும். ஆனால் கனம் மிகுதி, விலையும் மிகுதி. எண்ணெய்க்குள் ஆற்றல் சிறிது வீணாவதால் எரிபொருள் செலவும் கூடும். பெரிய இன்ஜினுக்கு அது பொருட்டன்று. சிறு இன்ஜினுக்கோ அது தாங்க முடியாத வரி. நம் நாட்டிலும் முன்பு ஹூண்டாய் ஐ10 போன்ற சில சிறு கார்களில் அவ்வகை கிடைத்தது; எனினும் விலையையும் பெட்ரோலையும் எண்ணிப் பெரும்பாலோர் ஒதுங்கியே நின்றனர். தானியங்கி என்றால் பெட்ரோலைக் குடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது அக்கால அனுபவத்திலிருந்து பிறந்த சொல்.

சிறு காருக்கென்றே வேறொரு வழியை 1958-இல் நெதர்லாந்து நாட்டின் டாஃப் நிறுவனம் காட்டியது. இரண்டே சிலிண்டர் கொண்ட சிறிய இன்ஜின். பற்சக்கரங்களை மாற்றுவதற்குப் பதிலாக, அகன்றும் குறுகியும் தம் அளவை மாற்றிக்கொள்ளும் கூம்புக் கப்பிகளும், அவற்றின்மீது ஓடும் இரப்பர் பெல்ட்டும். இதைப் படிக்கும் நம் வாசகர்களுள் பலருடைய வீட்டு வாசலிலேயே இவ்வேற்பாடு நின்றுகொண்டிருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடப்புறத்தில், பின்சக்கரத்தை ஒட்டிய அந்த நீண்ட மூடிக்குள் இருப்பது இதே பெல்ட்டும் கப்பியும்தான்.

ஸ்கூட்டரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1984-இல் கைனெடிக் ஹோண்டா வந்தது. 1990-களில் டிவிஎஸ் ஸ்கூட்டி, 2001-இல் ஹோண்டா ஆக்டிவா. அவை வந்தபின் நம் ஊர்த் தெருக்கள் மாறிய விதத்தை நாம் கண்ணாரக் கண்டோம். பள்ளி ஆசிரியைகள், மருத்துவமனைச் செவிலியர், குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு சந்தைக்குச் செல்லும் தாய்மார், இவர்கள் யாரும் பேருந்துக்கோ வீட்டு ஆண்மகனுக்கோ காத்திருக்க வேண்டிய நிலை குறைந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரைச் சோம்பேறிகளின் வண்டி என்று இன்று எவரும் சொல்வதில்லை. அதே வசதி காரில் வரும்போது மட்டும் ஒரு காலைச் சும்மா வைத்திருக்கும் ஆடம்பரம் என்று எண்ணுவது ஏனோ!

இனி, அவர்கள் வாங்க எண்ணும் விலையில் கிடைக்கும் வண்டிக்கு வருவோம். அதில் இருப்பது எண்ணெயும் அன்று, பெல்ட்டும் அன்று. 2014-ஆம் ஆண்டு மாருதி நிறுவனம் செலெரியோ காரில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொணர்ந்தது. இத்தாலியின் மக்னெட்டி மரெல்லி நிறுவனத்தின் நுட்பம் அது. ஏஎம்டி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். கையால் மாற்றும் வண்டியில் உள்ள அதே கியர்ப்பெட்டி, அதே கிளட்ச். கிளட்சை அழுத்துவதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் ஒரு சிறு கணினியின் கட்டளைப்படி இயந்திரக் கரங்களால் நடக்கின்றன. நாம் செய்யும் வேலையையே அது செய்வதால் எரிபொருள் அதிகம் செலவாவதில்லை. அந்தச் செலெரியோவில் இரு வகைக்கும் சோதனையில் ஒரே அளவு மைலேஜ், லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர், என்றே அறிவிக்கப்பட்டது. 2016-இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் காருக்கும் இது வந்தது; பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

எனவே கணவருக்கு நாம் சொல்வது: நீங்கள் அஞ்சும் அந்நிய இயந்திரம் அன்று இது. உங்கள் கியர்ப்பெட்டிதான், அதற்கு ஒரு கூலியாளை அமர்த்தியிருக்கிறார்கள். 50,000 ரூபாய் அந்தக் கூலியாளின் சம்பளம்.

அந்தக் கூலியாளிடம் குறைகளும் உண்டு. விற்பனைக் கூடத்தில் இவற்றை நாமாகக் கேட்டாலன்றிச் சொல்ல மாட்டார்கள். கியர் மாறும் கணத்தில் இன்ஜினின் இழுவை அறுபட்டு மீள்வதால் வண்டி இலேசாகத் தயங்கும். அமர்ந்திருப்பவர் தலை ஒருமுறை முன்னே அசையும். டயாலிசிஸ் முடித்துக் களைத்துத் திரும்பும் பெரியவருக்கு இது தொல்லையாகலாம். கியர் மாறப் போகிறது என்று உணரும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் அசைவு பெரிதும் குறையும். இது சில நாள்களில் காலுக்குப் பிடிபட்டுவிடும். லாரியை முந்தும்போதும் இதே தயக்கம் உண்டு; ஆகவே முந்துவதற்கு முன் நெம்புகோலைக் கையால் மாற்றும் நிலைக்குத் தள்ளி, ஒரு கியர் இறக்கிக்கொள்வது நன்று. மலையிலிருந்து இறங்குகையிலும் அவ்வாறே செய்ய வேண்டும். கொடைக்கானல் சாலையில் முழுவதும் பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும்.

மிக முக்கியமானது ஏற்றம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவைக்க ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்திக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது உண்மையான கிளட்ச் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தட்டுகள் உராய்ந்து கருகும். பிரேக்கால் நிறுத்துங்கள், கை பிரேக்கை இழுத்துக்கொண்டு புறப்படுங்கள். சில நொடிகள் வண்டியைத் தானே பிடித்துத் தரும் வசதி சில கார்களில் உண்டு. எல்லா விலைப் பிரிவிலும் இல்லை. கேட்டறியுங்கள். மேலும், இவ்வகைச் சிறு கார்கள் பலவற்றில் நிறுத்தி வைப்பதற்கென்று தனி நிலை நெம்புகோலில் இல்லை. கை பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்த பின்னரே இறங்க வேண்டும். கோவில் வளாகத்தில் இன்ஜின் ஓட விட்டபடி இறங்கி ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த வண்டியில் அது ஆகாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒருபோதும் ஆகாது.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. கிளட்ச் கேபிள் அறுந்தால் எந்த மரத்தடிப் பட்டறையிலும் மாற்றிவிடுவார்கள். இயந்திரக் கரமோ அதன் உணர்கருவியோ கெட்டால் நிறுவனத்தின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் இதில் இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, பண்ணைக்காட்டுப் பக்கம் மலைத்தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நமது விடை வேறாக இருந்திருக்கும். அங்கே ஓட்டுபவர் ஒருவரே. நாள்தோறும் கொண்டை ஊசி வளைவுகள். நல்ல பட்டறை தொலைவில். அவருக்குக் கையால் மாற்றும் வண்டியே ஏற்றது. மிச்சமாகும் 50,000 ரூபாயை அவர் வேறு எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். திண்டுக்கல் வீட்டின் கணக்கு வேறு. அங்கே வண்டியை ஓட்ட வேண்டியவர் எட்டு ஆண்டுகளாக ஓட்டாதவர். போக வேண்டிய வழியோ நாற்கரச் சாலையும் மதுரை நகரின் நெரிசலும். புதிதாக உரிமமும் பெற வேண்டியதில்லை. நம் நாட்டில் இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமம் பிரிகிறது, காருக்கு அப்பிரிவு இல்லை.

மடலுக்கு விடை எழுதிய பின், அவ்வழியே செல்லும் வாய்ப்பு நமக்கே கிட்டியது. ஒரு சனிக்கிழமை மூவருமாக விற்பனைக் கூடத்திற்குச் சென்றோம். ஓட்டிப் பார்க்க அவர்கள் சமதரையில்தான் அழைத்துச் செல்வார்கள். அச்சகோதரி, "மேம்பாலத்திற்குப் போகலாம்" என்றார். அதே பாலம். ஏற்றத்தின் நடுவில் அன்றும் வண்டிகள் நின்றன. அவர் பிரேக்கை விட்டதும் கார் ஒரு முழம் பின்னே நகர்ந்தது; பின்னால் உடனே ஒரு ஹாரன். கணவரின் கை தாமாகவே கதவுப் பிடிக்குச் சென்றதை நாம் பின்னிருக்கையிலிருந்து கண்டோம். அச்சகோதரி பிரேக்கை மிதித்து, கை பிரேக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, பிறகு கை பிரேக்கை இறக்கினார். இன்ஜின் அணையவில்லை. கார் ஏறியது. பாலத்தின் மறுபுறம் இறங்கியதும், "இன்னொரு முறை சுற்றி வரலாமா?" என்று விற்பனையாளரைக் கேட்டார்.

அடுத்துக் கணவர் அமர்ந்தார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். முதல் திருப்பத்தில் அவருடைய இடது கால் பழக்கத்தால் கிளட்சைத் தேடி, அங்கே அது இல்லாமையால் அகன்ற பிரேக் மிதியை ஓங்கி மிதித்துவிட்டது. நால்வரும் முன்னே சாய்ந்தோம். தானியங்கிக்கு மாறுபவர்களுக்கு முதல் வாரத்தில் நேரும் பிழை இதுவே. இடது காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்பனையாளர் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. "மெதுவாகப் போங்கள், அவசரமில்லை" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள்கள் கழித்து இரண்டாம் மடல் வந்தது. முன்பணம் கட்டியாயிற்றாம். கூடுதல் தொகைக்காகப் பின்னால் ஒலிபெருக்கியும் அலங்காரச் சக்கரமும் உள்ள உயர்ந்த பிரிவை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த பிரிவைத் தேர்ந்திருக்கிறார்கள். வண்டி வரும்வரை விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சிப் பள்ளியின் காரில் மருமகள் பழகிக்கொண்டிருக்கிறார். மதுரைக்குப் போகும் நாள்களில் முன்னிருக்கை தமக்குத்தான் என்று அத்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம்.